ஏரோபிரிட்ஜில் என் மாமியார்

நான் வேலை பார்க்கும் யார்டு மணலி புதுநகரைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டில் இருக்கிறது. விமான நிலையங்களுக்கான ஏரோபிரிட்ஜ்களை அங்கே செய்கிறோம். கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் நடந்துபோக நீளமாக ஒரு கூண்டுப் பாதை இருக்குமே, அதுதான். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் சுருங்கவும் செய்யும் இரண்டு பெரிய இரும்புப் பெட்டிகள், அவற்றைத் தாங்கி நகர்த்தும் சக்கரங்கள், முனையில் ஒரு சின்ன அறை. அந்த அறையில் இருக்கும் கன்ட்ரோல் பேனலுக்கு வயரிங் செய்வது என் வேலை. ஏழு வருடமாகச் செய்கிறேன். விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் வீட்டில் யாருமே ஏறியதில்லை.

அப்போது தெற்கே ஒரு கடலோர ஊரின் சின்ன விமான நிலையத்துக்காக ஒரு பாலம் தயாராகிக்கொண்டிருந்தது. மணல் மூட்டைகளை ஏற்றி எடைச் சோதனை முடித்திருந்தோம். வாங்குகிறவர்கள் தரப்பில் பார்வையிட வந்த இன்ஜினியர் அத்துடன் விடவில்லை. மூட்டை நடக்காது, மனிதர்கள் நடந்தால் தரை எப்படி அதிர்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நாற்பது பேர் வேண்டும். அதில் வயதானவர்கள் வேண்டும், இடுப்பில் குழந்தையோடு பெண்கள் வேண்டும், எல்லோர் கையிலும் பெட்டி இருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "யக்கா, உன் தெருவுல ஆளு கெடைக்குமா? வேன் அனுப்பறோம். மதியம் சாப்பாடு நம்முது."

எங்கள் தெரு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால். அன்று சாயந்திரம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எத்தனையோ முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டேன். "அந்த ஊரு ஏர்போர்ட்டுக்குப் போற பிரிட்ஜு. பிளேன்ல ஏர்ற மாரி நீங்க நடந்து காட்டணும். பேசஞ்சர் மாரியே பொட்டி எடுத்துகினு வாங்க." 'மாரி' என்று இரண்டு முறை சொன்னதாகத்தான் நினைவு. என் மாமியாரும் அங்கே நின்றிருந்தார். துறைமுகக் கேன்டீனில் பல வருடம் சமைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். "நானும் வர்றேன்" என்றார்.

அந்த ஊரில்தான் என் கணவரின் தம்பி இருந்தான். ஐந்து வருடத்துக்கு முன் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று கத்தியதைத் தெருவே கேட்டது. அதற்குப் பிறகு அவன் அந்த ஊருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். என் கணவர் முன்னால் அவன் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. மாமியாரும் எடுத்ததில்லை. அதனால் அவர் வருகிறேன் என்றபோது இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. மற்றவர்கள் சாதாரணப் புடவையில், காலிப் பெட்டிகளோடு நின்றார்கள். ஒருத்தி பெட்டி உப்பலாகத் தெரிய உள்ளே தலையணையை வைத்திருந்தாள். என் மாமியார் மட்டும் மாதா திருநாளுக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்தார். கையில் நீல ரெக்சின் பை. வாங்கி வேனில் வைக்கப் போனேன், தோள் இறங்கியது.

"இன்னா அத்த, இவ்ளோ வெயிட்டு? காலிப் பொட்டி போதும்னு சொன்னாங்களே."

"காலிப் பொட்டி எடுத்துகினு யாரும்மா ஊருக்குப் போவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போதுதான் பார்த்தேன், மடியில் ஆதார் கார்டை எடுத்து வைத்திருந்தார். யார்டு கேட்டில் செக்யூரிட்டி கேட்பார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என நினைத்துக்கொண்டேன்.

யார்டில் நான் மேலே ஏறி பேனல் முன்னால் நின்றேன். பாலத்தை மெதுவாக நீட்டி, எதிரே நிறுத்தியிருந்த வெள்ளைத் தகட்டில் சேர்த்தேன். விமானத்தின் பக்கவாட்டுக்குப் பதிலாக நாங்கள் வைத்திருந்த தகடு அது. விமானக் கதவு அளவுக்கு அதில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சாரம் கட்டி இறங்குவதற்கு ஏணிப்படி. மேலே நடந்து, ஓட்டை வழியாக வெளியேறி, இறங்கிச் சுற்றிவந்து மறுபடி நடக்க வேண்டும். மாமியார் பாலத்தில் கால் வைக்குமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதைக் கேமரா திரையில் பார்த்தேன்.

நாற்பது பேரின் காலடியில் தரை தடதடத்தது. ஒரு குழந்தை அழுதது. வரிசையின் நடுவில் வந்த மாமியார் ஓட்டை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வெளியே குவித்த இரும்புத் தகடுகளும், தூரத்தில் ரிஃபைனரி புகைபோக்கியும் தெரிந்தன.

"பிளேன் எங்கம்மா?" என்று என்னிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"பிளேன் இல்ல அத்த. டெஸ்ட்டு தான இது."

"எப்ப வரும்?"

"வராது அத்த. இந்த பிரிட்ஜே இன்னும் அந்த ஊருக்குப் போவல."

அவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கும் முகம், ஆனால் அந்த நேரத்தில் அதில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் "இன்னா ஆச்சு, நவுருங்க" என்றார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி, பையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். என்னால் பேனலை விட்டு நகர முடியாது. இன்ஜினியர் ஓடிவந்தார். "அம்மாவுக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல நைனா. ஒக்காந்துகினு கீறேன்."

இன்ஜினியர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வயதானவர்களுக்கு அங்கே ஒரு இருக்கை வேண்டும் என்று எழுதினார் எனப் பிறகு தெரிந்தது. நாற்பது பேர் மூன்று சுற்றும் மாமியாரை உரசிக்கொண்டு நடந்து முடித்தார்கள்.

மதியம் சாப்பிடும்போது பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொன்னார். திறந்தேன். பேப்பரில் சுற்றிய கருவாடு, மிளகாய்த்தூள் டப்பா, ஒரு வாரத்துக்கான பிரஷர் மாத்திரை, விலை அட்டைகூடக் கிழிக்காத மஞ்சள் கவுன் ஒன்று. கைக்குழந்தைக்குப் போடும் அளவு. தம்பியின் பெண்ணுக்கு இப்போது நாலு வயதாவது இருக்கும். அவர் மனதில் அந்தக் குழந்தை வளரவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பையை மூடிவிட்டேன்.

திரும்பும் வழியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அத்த, நெஜமாவே பிளேன் போவுதுன்னு நெனச்சிகினா வந்தீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டே, "நீ இன்னா நெனச்சிகினு என்ன கூட்டினு வந்த?" என்றார். மன்னிச்சிடுங்க என்றேன். "எதுக்கு?" என்றார்.

வீட்டில் என் கணவர் பையைத் திறந்து பார்த்தார். கவுனை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "அம்மாவுக்கு ஞாபகம் தப்புதா?" என்று கேட்டார். நான் தெரியவில்லை என்றேன். அடுத்த சில நாட்கள் இருவரும் அவரைக் கண்காணித்தோம். இன்று என்ன கிழமை என்று மகன் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "இன்னாடா, பரீச்ச வெக்கிறியா?" என்றார் மாமியார். குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது.

அடுத்த மாதம் பாலத்தைக் கழற்றி டிரெய்லர்களில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே திரும்பக் கோர்த்து வயரிங் முடிக்க என்னையும் போகச் சொன்னார்கள். நான் ரயிலுக்குக் கிளம்பிய காலையில் என் கணவர் நீலப் பையைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். "அத எடுத்துகினு போ" என்றார்.

அந்த ஊரில் இறங்கி, வெல்டிங் பட்டறைகளில் விசாரித்துச் சொல்லியனுப்பினேன். தம்பி பைக்கில் வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனான். அவன் மனைவி வாசலில் நின்றாள். நாலு வயதுப் பெண் அவள் புடவையைப் பிடித்திருந்தாள். இடுப்பில் இன்னொரு குழந்தை, ஏழு மாதம் இருக்கும். எங்களுக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் கவுனை அதற்குப் போட்டுப் பார்த்தார்கள்.

"அளவு சரியா கீதே" என்றேன் அசட்டுத்தனமாக.

"சரியா இல்லாம? போன்ல கேட்டுகினு தான அம்மா வாங்கினாங்க, அண்ணி" என்றான் தம்பி.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மாளின் போனில், இரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் பேத்திக்குப் பல் முளைத்தது வரை அவருக்குத் தெரியும். நான் அவருக்காகக் கலங்கியதெல்லாம் என்ன என்று எனக்கே புரியவில்லை.

"பிளேன்ல வர்றேன்னு சொன்னாங்களா தம்பி?"

அவன் யோசித்தான். "ஒரு சனிக்கெழம வந்தாலும் வருவேன்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

பத்து நாளில் வேலை முடிந்தது. விமானம் நிற்க வேண்டிய இடத்தில் புது மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். தரையில் நிற்கும்போது விமானத்துக்குக் கரண்ட் கொடுக்கும் தடித்த கேபிளும், குளிர்காற்று அனுப்பும் குழாயும் பாலத்தின் அடியில் தொங்கின. சோதனைக்கு ஒரு நிஜ விமானம் வந்து கோட்டில் நின்றது. பாலத்தைச் சேர்த்தோம். பயணிகள் இறங்கினால் விமானம் லேசாக மேலே எழும். அதற்கேற்பப் பாலமும் தானாக உயர வேண்டும். அது நடக்கும்போது பேனலில் எரியும் விளக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் ஆபரேட்டர் "மேடம், லைட்டு" என்றதும்தான் திரும்பினேன். நல்லவேளை, எரிந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பி என் கணவரிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இந்த வூட்ல ஒண்ணும் தெரியாதவன் நான் ஒர்த்தன் தானா?" என்றார். கோபமா, வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. அன்று மதியமே தம்பிக்குப் போன் போட்டார். முதல் பேச்சே அந்த ஊரில் தண்ணீர் உப்பா என்பதுதான். கிறிஸ்துமஸுக்குத் தம்பி குடும்பத்தோடு ரயிலில் வந்தான். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மாமியார் அன்று நிஜமாகவே பிளேன் ஏறத்தான் வந்தாரா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. அந்த வேனில் வந்த இரண்டு பெண்களிடம் பிறகு விசாரித்தேன். 'ஜன்னல் சீட்டு கெடைக்குமா'ன்னு கேட்டார் என்கிறாள் ஒருத்தி. 'பிளேனு கெடக்குது, நான் பொட்டியோட கெளம்புன வெசயம் ரெண்டு புள்ளைங்க காதுக்கும் போனா சரி'ன்னார் என்கிறாள் இன்னொருத்தி. இருவருமே தங்கள் காதால் கேட்டதாகச் சொல்கிறார்கள். மாமியாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள்.