கிலீன்: வெட்டி அழித்த ஓர் ஊர்ப் பெயர்

கருங்கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. கல்லைத்தான் குறைக்க முடியும். எழுத்து எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குக் கல்லின் முகம் முழுவதையும் கிரைண்டரால் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டுப் பழைய மினுக்கம் வரும்வரை பாலிஷ் பிடிக்க வேண்டும். சிட்னியில் கல்லறைக் கல் செய்யும் பட்டறையில் நான் இருந்த காலத்தில், எழுத்துப் பிழை எதுவும் இல்லாத ஒரு கல்லை அப்படித் தேய்த்தது ஒரு தடவைதான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர் கேட்டதால் அதை எழுதுகிறேன்.

பட்டறை லிட்கம் பக்கம். முதலாளி சாம், லெபனான்காரர், பரம்பரைக் கல் வேலைக்காரர். ஆபீசில் கவிதா. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், ஹோம்புஷில் குடியிருந்தாள். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் அடுக்கி ப்ரூஃப் எடுப்பது அவள் வேலை. ஸ்டென்சில் ஒட்டி, மணலைப் பீய்ச்சி எழுத்து வெட்டுவது என் வேலை. கவிதாவைத் தவிர இதில் வரும் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் அவை என் மனதில் தங்கியிருப்பது யாழ்ப்பாணத் தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

1. எழுத்துக்கூட்டு

நோரா எண்பதைத் தாண்டியவர். அயர்லாந்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொஞ்ச காலத்தில் சிட்னிக்கு வந்தவர். பென்டில் ஹில்லில் தனியாக இருந்தார். கணவர் மைக்கல் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மகன் கெவின் காரில் அழைத்து வந்தார். கல்லில் வர வேண்டிய வாசகம் கெவினிடம் தயாராக இருந்தது. பெயர், பிறப்பு, இறப்பு, நோராவின் அன்புக் கணவர், அன்புத் தந்தை.

“அதுக்குக் கீழ கிலீன் எண்டு போடுங்கோ,” என்றார் நோரா.

“அம்மா, அது ஆருக்குத் தெரியும்? அப்பாவே அந்தப் பேரைச் சொன்னதில்லை. ஊர் கேட்டால் கோல்வே எண்டுதான் சொல்லுவார்.”

“கோல்வேயில அவர் பிறக்கேல்லை.”

“மேப்பில கூட அது இல்லையம்மா.”

“இருக்கு. நீ பாக்கேல்லை.”

கெவின் தோளைக் குலுக்கிவிட்டு, காரை வேறு இடத்தில் நிறுத்தப் போனார். ஊர்ப் பெயர் வந்தால் எழுத்துக்கூட்டையும் அர்த்தத்தையும் கேட்டு எழுதிக்கொள்வது எங்கள் பட்டறை வழக்கம். ஒரே ஒலியில் நாலு விதமாக எழுதுவார்கள். வெட்டிய பிறகு சண்டை வரும். நோராவிடமும் கேட்டேன்.

“அங்க இப்பிடி இடங்களை டவுன்லாண்ட் எண்டு சொல்லுவம்,” என்றார். “பேரிலதான் டவுன். நாங்கள் இருந்த காலத்தில அஞ்சு வீடு. அந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முந்தி நிறைய இருந்ததாம், சுவர்கள் கிடந்தது. மேற்கால ஏரி. கிழக்கால சதுப்பு நிலம். நடுவில கல்லுத் தரை. ஒரு சின்ன ஓடைதான் எல்லை.”

எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்துக் குறிச்சிகள் அப்படித்தான். காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் இருக்கும். அடுத்த ஊர்க்காரனுக்கு அந்தப் பெயர் தெரியாது.

“கிலீன் எண்டால் சின்னக் கோயில்,” என்றார். தேவாலயத்தைச் சொன்னார்.

“கோயில் இப்பவும் இருக்கோ?”

“ஒரு காலத்தில இருந்ததாம். நான் பாக்கேக்க அத்திவாரம்கூட இல்லை.” வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “இன்னொரு வரியும் போட வேணும். அதை நான் தனிய வந்து சொல்லுறன்.”

2. இன்னொரு வரி

அடுத்த கிழமை ரயிலேறித் தனியாக வந்தார். அந்த வரி, ‘அவர்களுடைய மகளும்’ என்பது.

கவிதா பெயர் கேட்டாள்.

“பேர் வைக்கேல்லை. வைக்க விடேல்லை.”

அவருடைய முதல் பிள்ளை வீட்டில் பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கோயில் சவக்காலையில் புதைக்க அந்தக் காலத்தில் விட மாட்டார்களாம். பழைய கோயில் நின்ற இடம், மூன்று டவுன்லாண்டுகள் சந்திக்கும் மூலையில், உழாமல் முள்மரத்தோடு விடப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கொண்டுபோவது அங்கேதான். பொழுதுபட்ட பிறகு தகப்பன் கொண்டுபோவான். பூசை இல்லை, தாய் போவதில்லை. மேலே வயற்கல் ஒன்று வைப்பார்கள். அதில் எழுத்தும் இல்லை.

“கிலீன் எண்டால் எங்கட பக்கத்தில சின்னக் கோயில் எண்டு ஒருத்தரும் நினைக்கிறதில்லை,” என்றார். “அந்தப் பிள்ளையளைத்தான் நினைப்பினம்.”

மைக்கல் ஒரு மரப்பெட்டியில் கொண்டுபோனார். அவருடைய அண்ணன் விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நோரா படுக்கையிலிருந்து எழும்பி ஜன்னலால் பார்த்தார். வெளிச்சம் வேலி இடைவெளியைத் தாண்டி, இடது பக்கம், ஏரியை நோக்கித் திரும்பி நின்றது. அந்த வருடமே இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

“எந்த இடமெண்டு கேட்டால் மைக்கல் முந்திச் சொல்லுவார். ஏரிப் பக்கம், வெள்ளைக் கல்லெண்டு. கெவின் பிறந்து கொஞ்ச காலத்தால சொல்லுறதை விட்டிட்டார். ‘கேக்காதை நோரா’ எண்டுவார், அவ்வளவுதான். அண்ணனோடையும் கதை நிண்டுபோச்சு. காணிச் சண்டையெண்டு நான் நினைச்சன்.”

“கெவினுக்கு இது தெரியுமா?” என்று கவிதா கேட்டாள்.

“இல்லை. கல்லில பாக்கட்டும்.”

கல்லறையின் உரிமை அவர் பெயரில் இருந்தது. அவரே ப்ரூஃபைப் பார்த்து ஒப்பமிட்டார். நான் அந்த வாரமே வெட்டினேன். மைக்கலின் பெயர், தேதிகள், இரண்டு அன்பு வரிகள், ‘அவர்களுடைய மகளும்’, கடைசியில் நடுவில் கிலீன். ஏழு ஆங்கில எழுத்துகள், நல்ல இடைவெளியோடு வந்திருந்தன.

3. வயலுக்குப் போட்ட வீடியோ கால்

கல் முடிந்ததும் பார்க்க வந்தார். திரும்ப அழைத்துப் போகக் கெவின் வருவதாக ஏற்பாடு. நோரா கிலீன் என்ற எழுத்துகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். பார்த்துக்கொண்டிருந்த கவிதா என் பக்கம் திரும்பினாள்.

“ரவியண்ணா, அவங்க ஊர்ல யாராச்சும் இருந்தா வீடியோ கால்ல இந்தக் கல்லைக் காட்டலாமே?”

“ஓம், கேட்டுப் பாருங்கோ.”

மைக்கலின் அண்ணனும் இறந்துவிட்டார். அவர் மகன் டோனல் அதே வீட்டில், அதே காணியில் மாடு வளர்த்துக்கொண்டிருந்தார். நம்பர் நோராவிடம் இருந்தது. எங்களுக்கு மாலை, அங்கே காலை. திரையில் மழைத் தூறலில் தொப்பியோடு ஒரு மனிதர் வந்தார். நல்ல மனிதர். கல்லைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார்.

“டோனல், அந்த மூலைக்கு ஒருக்கா நடந்து காட்டுறியா?”

அவர் போனைப் பிடித்தபடி நடந்தார். சேறு, கம்பிவேலி, பின்னால் சாம்பல் நிறத்தில் ஏரி. வேலி இடைவெளி வந்ததும் நோரா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“இடது பக்கம். ஏரிப் பக்கம் திரும்பு.”

திரையில் தகரச் சுவர் ஒன்று வந்தது. நீளமான கட்டடம். உள்ளே மாடுகள் கத்தின.

“என்ன இது?”

“மாட்டுக் கொட்டில், அன்ரி. கீழ சாணித் தொட்டி. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அப்பா கட்டினவர்.”

“உன்ர அப்பாதான் அண்டைக்கு விளக்குப் பிடிச்சவர்.”

டோனலுக்கு முதலில் விளங்கவில்லை. அந்த மூலை எதற்கென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தன் சித்தப்பாவின் பிள்ளையும் அங்கே என்பது அவருக்குத் தெரியாது. நோரா சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டு மழையிலேயே நின்றார்.

“அன்ரி, கொட்டில் கட்டி முடிஞ்ச காலத்தில மைக்கல் அங்கிள் ஒரு நாள் போன் எடுத்தவர். அப்பா பேசிப் பேசிப் பாத்தார். அங்கிள் கத்தினது அறைக்குள்ள எங்களுக்கே கேட்டது. பிறகு அவர் எடுக்கவே இல்லை. ஏனெண்டு இப்பத்தான் விளங்குது.”

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் நோரா. எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. “அதுதான் கேக்காதை எண்டவர்.”

கெவின் எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கதவருகே நின்று பேச்சைப் பாதியிலிருந்து கேட்டிருக்கிறார்.

“ஆரின்ர பிள்ளை, அம்மா?”

நோரா கல்லைக் காட்டினார். கெவின் கிட்ட வந்து குனிந்து வாசித்தார். அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. தாய்க்கு ஒரே பிள்ளை தான்தான் என்று அன்றுவரை நினைத்திருந்தவர். கவிதா போனை நிறுத்திவிட்டாள்.

நோரா என்னைப் பார்த்து, “அந்தப் பேரை எடுத்துவிடுங்கோ, ரவி,” என்றார். “மகள் இருக்கட்டும். கிலீன் வேண்டாம்.”

4. தேய்த்தது

முன்பு வேண்டாம் என்ற கெவின் இப்போது எடுக்கக் கூடாது என்றார்.

“அவளுக்கெண்டு இருக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான் அம்மா. அதையும் எடுத்தால் என்ன மிச்சம்?”

“அந்த மனுசன் இத்தனை வருசம் அந்தப் பேரை வாயால சொல்லாமல் இருந்தது எனக்காக. அதைக் கொண்டுபோய் அவற்ர தலைமாட்டில வைக்கமாட்டன்.”

கெவின் தாயைக் காரில் இருத்திவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

“நீங்களெண்டால் என்ன செய்வீங்கள்?” என்று கேட்டார்.

என் அப்பா வன்னியில், சண்டையின் கடைசி மாதங்களில் ஷெல் குண்டு பட்டு இறந்தவர். கூட இருந்தவர்கள் கடற்கரை மணலில் மூடிவிட்டு ஓடினார்கள். இன்று அந்த இடத்தைக் காட்ட ஒருவரும் இல்லை. கிட்டப் போகவும் இராணுவ வேலி விடாது. வருடா வருடம் நினைவு அறிவித்தலில் அந்தக் கரையின் பெயரைப் போடுகிறேன். அதைக் கெவினிடம் சொன்னேன்.

“நானெண்டால் வைச்சிருப்பன்,” என்றேன். “ஆனா பெத்தது நானில்லை. அம்மா சொன்னபடிதான் செய்வன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புதுக் கல் எடுக்கலாம் என்றார் சாம். அந்தக் கறுப்புக் கல் இந்தியாவிலிருந்து கப்பலில் வர மாதக் கணக்காகும். நோராவுக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, உடம்பும் இல்லை. அதனால் தேய்த்தேன். முகமூடி, காதுக்கு அடைப்பு, இடைவிடாமல் தண்ணீர். கல்லிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்தது. எழுத்து ஒரேயடியாகப் போகாது. முதலில் விளிம்பு மழுங்கும், பிறகு கோடு மெலியும். மற்ற எல்லா வரிகளும் போன பிறகும் கிலீனின் முதல் எழுத்து நிழல் மாதிரிக் கிடந்தது. கவிதா தேநீரோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

கிலீன் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். கல்லை நாட்டிய அன்று நோரா வந்தார். நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். நன்றி சொல்லிக் கைகொடுத்தார். கை ஈரமாகவும் குளிராகவும் இருந்தது.

5. பாதை

அடுத்த வருடமே நோராவும் போய்விட்டார். அவர் பெயரைச் சேர்க்கக் கெவின் வந்தார். இடையில் அயர்லாந்துக்குப் போய் வந்ததாகச் சொன்னார். கொட்டிலை இடித்துத் தரவா என்று டோனல் கேட்டாராம். கெவின் வேண்டாம் என்றிருக்கிறார்.

“இடிச்சும் பிரயோசனமில்லை. சாணித் தொட்டிக்கு ஆழமாத் தோண்டினவை. தோண்டின மண்ணைச் சதுப்புக்குப் போற பாதைக்குப் போட்டுப் பரவினவையாம். அவள் அந்தக் கொட்டிலுக்குக் கீழயும் இல்லை.”

“பிறகு?”

“பாதையால நடந்தன். துவக்கத்தில இருந்து சதுப்புவரைக்கும். திரும்பியும் நடந்தன். டோனல் தூரத்தில நிண்டவர், கிட்ட வரேல்லை.”

நோராவுக்கு எழுதிய வாசகத்தைத் தந்தார். பெயரும் தேதிகளும்தான். ஊர் இல்லை. நான் ப்ரூஃபைக் காட்டும்போது, கிலீன் போட விருப்பமா என்று கேட்டேன். கேட்பது என் கடமை.

“அம்மா வேண்டாமெண்டவா,” என்று சொல்லி ஒப்பமிட்டார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எழுத்துக்கூட்டைக் கேளுங்கள், அர்த்தத்தையும் கேளுங்கள். ஆனால் சின்னக் கோயில் என்று சொன்னதும் எழுதிக்கொண்டு எழும்பிவிடாதீர்கள். எதிரே இருப்பவர் வாசலைப் பார்த்தால் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் சொல்லுவார், அல்லது சொல்லாமலே போவார். பெயரைப் போடச் சொன்னால் போடுங்கள். எடுக்கச் சொன்னால், எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும், எடுத்துவிடுங்கள். அந்தப் பெயருக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது நமக்குத் தெரியாது.