பேசும் வேலைதான் வேண்டும்

திருப்பூரில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆடைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு வேலை வழிகாட்டும் பொறுப்பும் என்னுடையதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது சிரமமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் பனியன் கம்பெனிகள். எந்த வேலைக்குப் போவது என்பதில்தான் தடுமாறுவார்கள். அண்ணனோ மாமாவோ எந்தப் பிரிவில் இருக்கிறாரோ, பெரும்பாலும் அங்கேயே போய் நிற்பார்கள்.

ஒருமுறை இறுதியாண்டு மாணவி ஒருத்தி தடுமாறவே இல்லை. என் எதிரில் உட்கார்ந்ததும், மெர்ச்சண்டைசர் ஆக வேண்டும் என்றாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை அது. ‘மெர்ச்சண்டைசர்’ என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. சிறு வயதிலிருந்தே அவளுக்குத் திக்குவாய்.

துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுவதில் அவள் கெட்டி. அதையே வேலையாக எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். பிடிக்கும்தான், ஆனால் பேசாமல் தப்பிப்பதற்காக அதற்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே பயிற்சியைத் தொடங்கினோம். வகுப்புகள் முடிந்ததும் பக்கத்து அறையிலிருந்து ஜெர்மனி பையராக அவளுக்குப் போன் செய்வேன். சாம்பிள் ஏன் வரவில்லை, கலர் ஏன் மாறியது, விலையில் தள்ளுபடி கொடு என்று எரிந்து விழுவேன். ஆரம்பத்தில் பாதியிலேயே போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு ஒரு நாள் என் கோபத்தையெல்லாம் கேட்டு முடித்து, நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்லி, கடைசியில் தள்ளுபடியும் தர முடியாது என்று முடித்தாள். சுவருக்கு இரண்டு பக்கமும் சிரித்தோம்.

ஏற்றுமதி நிறுவனம் ஒன்று நேர்காணலுக்கு வந்தது. அவளைப் பற்றி முன்னதாக ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க மேடம். நானே சொல்லிக்கிறனுங்க.”

நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மெர்ச்சண்டைசிங் பிரிவின் தலைவியே கேள்வி கேட்டார். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்துத் தொடங்கினாள்.

“எனக்குத் திக்குமுங்க. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா எல்லாத்தையும் சொல்லிப்போடறனுங்க.”

பையர் பொறுக்க மாட்டாரே, போனை வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். மறுபடி கூப்பிடுவேன் என்றாள். உடனே அவர் நிஜமாகவே நடக்கக்கூடிய ஒரு சிக்கலைக் கொடுத்தார். சாயப்பட்டறையில் பாதித் துணி நிறம் மாறிவிட்டது, கப்பல் கிளம்பப் போகிறது. இதைப் பையருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அவள் சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றும் எங்கெங்கோ சிக்கிக்கொண்டு வந்தன. எது தவறிப்போனது, எவ்வளவு இப்போதே அனுப்பலாம், மீதி எப்போது வரும், எதையும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடித்ததும் சிரித்தார்.

“மத்தவங்க எல்லாம் சாரி சொன்னாங்கம்மா. நீதான் எப்ப அனுப்புவேன்னு சொன்ன.”

மாலையில் தேர்வானவர்களை அறிவித்தபோது முதல் பெயர் அவளுடையது. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு என் அறையிலிருந்தே ஸ்பீக்கரில் போன் செய்தாள். ‘வேலை’ என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. மறுமுனையில் தட்டும் சத்தம் காதைப் பிளந்தது. பிறகு சற்றுத் தள்ளிப் போனது.

“மெதுவாச் சொல்லு கண்ணு. நான் வெளிய வந்துட்டேன்.”

சொல்லி முடித்தாள். பிறகு அவர் உள்ளே போய் யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது. பட்டறைச் சத்தம் மொத்தமாக நின்றது.

அன்றைக்கு அவளைப் பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனமில்லை. என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவள் வீடு வரைக்கும் போனேன். வழி நெடுக அவள்தான் பேசினாள்.