மீனுக்கு ஒரு பதம்

கடலை மிட்டாய் யார் வேண்டுமானாலும் போடலாம். கோவில்பட்டியில் தெருவுக்கு நாலு பேர் போடுகிறார்கள். பல்லில் ஒட்டாமல் போடத் தெரியுமா, அதைச் சொல்லுங்கள் முதலில்! பரமசிவன் அண்ணாச்சி கம்பெனி மிட்டாய் பல்லில் ஒட்டாது. கடித்தால் கடக்கென்று உடையும், மென்றால் கரையும். 'எல்லாம் பூவனநாதன் மாஸ்டர் கைராசி' என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கை ரெண்டு வருசமாக விளங்கவில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

வாதம் வந்து வலது கை விழுந்த நாளிலிருந்து மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கொப்பரை முன்னால் நின்று வெல்லப்பாகு காய்ச்சியது, பதம் பார்த்தது, கடலையைக் கொட்டிக் கிண்டியது எல்லாம் சொர்ணத்தாய். பேர் அவருக்கு, வேர்வை இவளுக்கு.

சொர்ணத்தாய்க்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி கோவில்பட்டிக்கு வந்த மூணாம் வருசம் பொட்டலம் மடிக்க அந்தக் கம்பெனிக்குப் போனாள். புருசன் சின்னக்கருப்பன் மணியாச்சியில் ரயில்வே கேங்மேன். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை விடிய ரயிலேறிவிடுவார்.

2003-ல், தீபாவளிக்கு ஒன்றரை மாசம் இருக்கையில், மாஸ்டர் புதியம்புத்தூரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். சொர்ணத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கொப்பரைய நானே பாத்துக்கிடுதேன். ரெண்டு வருசமா நாந்தானே பாக்கேன்."

"பாத்த, இல்லைங்கல. ஆனா மாஸ்டர்னா வேற, சொர்ணம். பொரி உருண்டைக்கு ஒரு பதம், அதிரசத்துக்கு ஒரு பதம், எள்ளு மிட்டாய்க்கு ஒரு பதம். ஒனக்குத் தெரிஞ்சது கடலை மிட்டாய்ப் பதம் ஒண்ணுதான். தீபாவளிக்கு எல்லாச் சரக்கும் போடணும்லா? சாத்தூர்லேருந்து ஒருத்தரு வாராரு. செவ்வாக்கிழமையிலேருந்து அவரு அடுப்புல நிப்பாரு. நீ பழையபடி பொட்டலத்துக்குப் போயிரு."

இதோடு நிறுத்தியிருக்கலாம் மனுசன். "அதுவும் போக, பொம்பளை கொப்பரையில நின்னா பாகு முறிஞ்சிரும்னு சொல்லுவாக" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். ரெண்டு வருசமாக முறியாத பாகு இனிமேலா முறியப்போகிறது? நரம்பில்லாத நாக்கு என்ன வேண்டுமானாலும் பேசும். நல்லா நாலு கேட்டுவிட வேண்டும்போல இருந்தது சொர்ணத்தாய்க்கு. கேட்டால் பொட்டல வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் மிளகாய் அரைத்த வேகத்தில் அம்மிக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் தம்பி சுடலைமணி வந்து இறங்கினான். கப்பலில் சமையல்காரன். பதினோரு மாசம் கழித்து தூத்துக்குடித் துறைமுகத்தில் கரையேறியவன், தோளில் ஒரு பையும் தலையில் ஒரு தெர்மாகோல் பெட்டியுமாக பஸ் பிடித்து வந்திருந்தான். பெட்டியைத் திறந்தால் ஐஸ் கட்டிக்கு நடுவில் ரெண்டு பெரிய மீன் துண்டம்.

"என்னலே இது, மீனா? ரோசாப்பூ கலரா இருக்கு!"

"சால்மன்க்கா. குளிர்க் கடல் மீனு. கப்பல்ல கேப்டனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா இதான். தேனும் காரமும் கலந்து மேல பூசி, ஓவன் அடுப்புல வச்சுச் சுட்டு எடுத்தா..." என்று சொல்லிக்கொண்டே விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டினான்.

"மீனுக்கு இனிப்பா? கூறு கெட்டவனுவ!" என்று சின்னக்கருப்பன் முகத்தைச் சுளித்தார்.

சொர்ணத்தாய் சுளிக்கவில்லை. "அந்தத் தேனு எப்பிடி இருக்கணும்லே? வழியணுமா, ஒட்டணுமா, இறுகணுமா?" என்று கேட்டாள்.

"வழியவும் கூடாது, இறுகவும் கூடாது. மீனு மேல பளபளன்னு ஒட்டிக்கிட்டு நிக்கணும். அந்தப் பக்குவம் வர எனக்கே ஆறு மாசம் ஆச்சு."

அவ்வளவுதான். சொர்ணத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பரமசிவன் அண்ணாச்சி மீன் பைத்தியம் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். நல்ல மீனுக்காக முதல் பஸ்ஸில் தூத்துக்குடி போய் வருகிற ஆள். "தம்பி கப்பல்லேருந்து மீனு கொண்டாந்திருக்கான் அண்ணாச்சி. நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிட வரணும்" என்றாள். சால்மன் என்ற பேரைக் கேட்டதும் அண்ணாச்சி, "ஒரு மணிக்கு வந்திருதேன்" என்று நேரத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி பிசகிட்டா? தெரியாத மீனு, தெரியாத சமையலு. மொதலாளிய வேற கூப்பிட்டுட்டு வந்து நிக்க!" என்று சின்னக்கருப்பன் தலையில் கை வைத்தார்.

"பதம் தெரியாதுன்னு சொன்னாருல்லா? வந்து தின்னு பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் வேலை தொடங்கியது. ஓவனுக்கு எங்கே போக? அகலமான இரும்புச் சட்டியில் நாலு விரல் உயரம் ஆற்று மணலைக் கொட்டி, கீழே கருவேல விறகை எரியவிட்டாள். மேலே மூடுகிற தட்டில் கங்கு அள்ளி வைக்க ஏற்பாடு.

"இருநூறு டிகிரி வேணும்க்கா" என்றான் சுடலைமணி.

"டிகிரியும் கிகிரியும் ஒங் கப்பலோட வச்சுக்க" என்று சொல்லி ஒரு பிடி கடலையை மணலில் போட்டாள். ஐம்பது எண்ணுவதற்குள் தோல் வெடித்துப் பிரிந்தது. "சூடு சரியா இருக்கு. மீனை எடு" என்றாள். தம்பி மீனை எடுத்து நீட்டினான்.

தேனுக்குப் பதிலாகக் கருப்பட்டி. அதைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, புளிக்கரைசல், நசுக்கிய பூண்டு, வத்தல் பொடி, மிளகு, உப்பு எல்லாம் சேர்த்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. பாகு கொதித்து, நுரை அடங்கி, குமிழி பெரிசாகி, சத்தம் மாறிய நொடியில் சட்டென்று இறக்கினாள். பாகில் பாதியை மீன் வேகும்போது பூசி, மீதியை வெந்து எடுத்ததும் மேலே ஊற்றினாள். தகதகவென்று இருந்தது. சின்னக்கருப்பன்கூட எட்டிப் பார்த்தார்.

ரெண்டு நிமிசம்தான். சுடலைமணி கரண்டியால் மீனைத் தொட்டான். டக் என்றது. அழுத்தினான். டக் டக் என்றது. மீன் மேல் பாகு கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது.

"யக்கா, இதச் சுத்தியலாலதான் உடைக்கணும்" என்றான். அடக்க மாட்டாமல் சிரித்தும்விட்டான். "மீன் மிட்டாய் போட்டிருக்கியே!"

சின்னக்கருப்பனுக்கும் சிரிப்பு வந்தது. சொர்ணத்தாய் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். அவள் அடுப்புக் கல்லின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு வருசமாக ஒரே சத்தத்துக்குக் காத்திருந்து பழகிய காது. அந்தச் சத்தம் கேட்டால்தான் கை இறக்கும். அது கடலை மிட்டாய்ப் பாகின் சத்தம்.

"அண்ணாச்சி சொன்னது நெசந்தான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றாள். கண் கலங்கிவிட்டது. யார் என்ன பேசினாலும் அழாதவள். இது அவளே அவளைப் பற்றிச் சொன்ன சொல், தாங்க முடியவில்லை.

மணி பன்னிரண்டு. மீன் இன்னும் ஒரு துண்டம்தான் மிச்சம். "சாத்தூர்க்காரன் வந்துட்டுப் போறான், விடு. இருக்கத இட்டுக் கொழம்பு வையி" என்றுதான் வேறு எந்தப் புருசனும் சொல்லியிருப்பான். சின்னக்கருப்பன் அடுப்புக் கங்குகளைக் கிளறிக்கொண்டே ஒன்று கேட்டார்.

"ஏட்டி, திருநவேலி போற வண்டி மணியாச்சியத் தாண்டாமலா போகுது?"

"அதுக்கு என்ன இப்ப?"

"இல்ல, கடைசிப் பதத்துக்குப் போற பாகு, நடுவுல உள்ள பதத்தையெல்லாம் தாண்டித்தான போகும்? தெனமும் நீ பாத்துக்கிட்டுத்தான நிக்க? எறங்காமப் போயிருக்க, அம்புட்டுத்தான்."

சொர்ணத்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் இந்த மனுசன் உருப்படியாகப் பேசியது இது ரெண்டாம் தடவை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு புதுக் கருப்பட்டியை எடுத்தாள்.

இந்தத் தடவை காதை நம்பவில்லை. கண்ணையும் விரலையும் நம்பினாள். பாகு கொதித்தது. விரலில் தொட்டு ஒட்டிப் பார்த்தாள், பிசுபிசுத்தது. கொஞ்சம் பொறுத்துத் தொட்டாள், விரலுக்கும் விரலுக்கும் நடுவில் மெல்லிசாய் ஒரு கம்பி எழும்பப் பார்த்து அறுந்தது. 'இன்னும் ஆகல, இன்னும் ஆகல' என்று கை கெஞ்சியது. இந்த நேரத்தில் இறக்குவது அவள் கைக்குப் பாவம் மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். "மணலுச் சூட்டுல மிச்சத்துக்கு அது தானா போயிக்கிடும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு அண்ணாச்சியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இலையில் சோறு, ரசம், சீனியவரைக்காய் வதக்கல், நடுவில் மீன். சால்மன் மேல் பாகு பளபளவென்று ஒட்டி நின்றது. வழியவில்லை, இறுகவில்லை. அண்ணாச்சி ஓரத்தில் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டார். மென்றார். புருவம் ஏறியது. முதலில் இனிப்பு, அதன் பின்னாலேயே புளிப்பு, கடைசியில் தொண்டையில் வத்தல் காரம். அதன்பிறகு அவர் ரசத்தைத் தேடவில்லை, சோற்றைத் தேடவில்லை, பேச்சையும் தேடவில்லை. சட்டியில் இருந்த மீதி மீனையும் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இலையை மடித்துவிட்டு, "கப்பல் சமையல்னா சும்மாவா! தம்பி, அந்தப் பாகு இருக்கே, சாத்தூர்க்காரரால கூட இப்பிடி நிறுத்த முடியாதுய்யா" என்று சுடலைமணி தோளில் தட்டினார்.

சுடலைமணி வாயைத் திறக்கும் முன்னால் சொர்ணத்தாய் வந்து நின்றாள். "அவன் மீனு கொண்டாந்ததோட சரி. பாகு நான் காச்சுனது" என்றாள்.

அண்ணாச்சி சிரித்தார். "போ சொர்ணம். வெளாடாத."

அவளுக்கு வந்ததே கோபம்! அணையாத அடுப்பில் சட்டியைத் தூக்கி வைத்தாள். கருப்பட்டி, தண்ணீர். பக்கத்தில் நாலு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். அண்ணாச்சி கை கழுவப் போனவர் திரும்பி வந்து நின்றார்.

பாகு கொதி வந்ததும் ஒரு சொட்டு எடுத்து முதல் கிண்ணத்தில் விட்டாள். "இது மீனுக்கு. தண்ணியில நிக்காது, கலைஞ்சிரும். பாத்துக்கிடுங்க." கலைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டாவது கிண்ணம். "இது அதிரசத்துக்கு." உள்ளே போன சொட்டு இளகிய உருண்டையாய் நின்றது. அண்ணாச்சி விரலை விட்டு எடுத்து அமுக்கிப் பார்த்தார், வளைந்து கொடுத்தது. மூன்றாவது கிண்ணம். "பொரி உருண்டைக்கு." எடுத்து உருட்டினார், கோலி மாதிரி நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நாலாவது, கடலை மிட்டாய்க்கு. அதற்கு அவள் சட்டியைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்டு, கரண்டியிலிருந்து சொட்டை விட்டாள். தண்ணீரில் விழுந்ததை எடுத்துத் தட்டில் எறிந்தாள். டங்கென்று உடைந்தது.

"எள்ளு மிட்டாய்க்கு இதுக்கு ஒரு மூச்சு முந்தி எறக்கணும். அதுக்குக் கிண்ணம் பத்தல" என்றாள். "பாகு எங்கயாவது முறிஞ்சிருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி உடைந்த துண்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பல்லில் ஒட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, முற்றத்திலேயே நின்று சாத்தூருக்குப் பேசினார். "நீங்க வரவேண்டாம் மாஸ்டர். இல்லல்ல, கோவிச்சுக்கிடாதீக. இங்க எங்ககிட்ட ஆளு இருக்கு. ரெண்டு வருசமா இருக்கு, நாந்தான் பாக்கல." பேசி முடித்துவிட்டு, சொர்ணத்தாய் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு அடுப்புப் பத்தவச்சிரு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும் சுடலைமணி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "எறக்கி விடுலே, சட்டி கருகுது!" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இறுகிப்போன அந்த முதல் துண்டத்தை மூணு பேருமாக உட்கார்ந்து உடைத்து உடைத்துத் தின்றார்கள். அதுவும் ருசியாகத்தான் இருந்தது என்று சின்னக்கருப்பன் இன்றைக்கும் சொல்லுவார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் மூணாவது கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பொட்டலம் மடிக்கிற பெண்கள் பதினாலு பேரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடி நின்றார்கள். கொப்பரை முன்னால் நின்றவள் பேர் இப்போது மாஸ்டர். பரமசிவன் அண்ணாச்சி உள்ளே வந்தார். ஸ்டூலில் யாரும் இல்லையே என்கிற கவலையோ என்னவோ, நேராகக் கொப்பரைக்குப் போய், பதம் பார்க்கத் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தாய், பாகிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதம் நான் சொல்லுதேன்."

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். பாகு கொதித்தது, நுரை அடங்கியது, சத்தம் மாறியது.

"இப்ப கொட்டுங்கட்டி கடலைய!" என்றாள்.

பதினாலு பேரில் முதலில் யார் ஓடிவந்து கூடையைத் தூக்கியது என்று இன்னும் அவர்களுக்குள் சண்டை தீரவில்லை.