பூசை மாடத்தில் வைத்த ஊசி மருந்து

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்த இரண்டாம் வருஷமே அவள் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். வீக்கத்துக்குத் தின்ற மாத்திரையில் முகம் உப்பியது. அதைக் காட்டி அவள் மாமியார், "வேலைன்னா மட்டும் கை வலிக்கி. மூஞ்சியப் பாரு, பூசணிக்கா மாதிரி. அம்புட்டும் எங்க வீட்டுச் சோறு" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

மதுரை டாக்டர்தான் விளங்கும்படி சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய காவலே மூட்டைத் தாக்குகிறதாம். அதை அடக்க வெளிநாட்டில் புதிதாக ஊசி வந்திருக்கிறதாம். உயிருள்ள செல்லில் வளர்த்தெடுக்கிற மருந்து. பாலைப் போல வெக்கையில் கெட்டுவிடும், ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி அது. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. அமெரிக்காவிலிருந்த அக்காவின் கொழுந்தன், டாக்டர் சீட்டோடு அலைந்து வாங்கி, சித்திரையில் ஊருக்கு வரும்போது ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை மதுரையில் போடுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை அக்காவை அழைத்துப் போக ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன். போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் மாவுச் சட்டிதான் இருக்கிறது. அந்த வீட்டில் சேலையோ சைக்கிளோ, எது புதிதாக வந்தாலும் சாமி முன்னால் வைத்துத்தான் எடுப்பார்கள். மாமியார் வெள்ளிக்கிழமையே மருந்துக் குப்பிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூசை மாடத்தில் எரிகிற விளக்கின் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்!

"அத்தை, ஃபிரிட்ஜ விட்டு எடுக்கக் கூடாதுன்னு உங்க சின்ன மகன் படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே?"

"ஏட்டி, கத்தாத. சாமிகிட்ட இருந்த பொருளு கெட்டா போயிரும்?"

டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த வெக்கையில் கிடந்ததைப் போடவே கூடாது என்றுவிட்டார்.

"சரி, அடுத்த தடவ வாங்கியாரட்டும். இம்புட்டு நாள் பொறுத்தவதானே" என்றார் மாமியார், சாவகாசமாக.

"ஒரே ஒரு நாள் அவ விரல மாட்டிக்கிட்டு மாவாட்டுங்க அத்தை. பொறவு பேசுங்க."

அக்கா என் கையைப் பிடித்தாள். "விடுடி. நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கதான கெடக்கணும்."

"கெடக்க வேண்டாம். கெளம்பு, நம்ம வீட்டுக்கு."

செருப்பு வாரை மாட்ட அவள் விரல் மடங்கவில்லை. குனிந்து நான் மாட்டிவிட்டேன். "யாரக் கேட்டுப் போறா?" என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் வந்தது.

அந்த மருந்து நம் பக்கம் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அக்காவுக்குப் போட்டதும் வீக்கம் வற்றியது. அதற்குள் கோணிப்போன விரல்கள் நிமிரவில்லை. "எல்லாம் சாமி புண்ணியம்" என்கிறாராம் அந்த மாமியார். எனக்கு இன்னும் ஆறவில்லை.