ஒரு குடம் தண்ணீர்

எந்த நாட்டில் எது மிகுதியாகக் கிடைக்கிறதோ, அதைக் கொண்டு செய்ததை விற்று இல்லாததை வாங்கினால் இரண்டு நாடுகளுமே செழிக்கும் என்று கல்லூரியில் பாடம் எடுத்தார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. ஒன்பது வயதிலேயே அதை எங்கள் தோட்டத்து மோட்டார் அறை வாசலில் அத்தை வீட்டு மாமா சொல்லக் கேட்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. தோட்டம் பல்லடத்துக்குப் பக்கத்தில். மாமா திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பொறுப்பில் இருந்தார்.

"வெள்ளைக்காரனுக்குப் பனியன் வேணுமுங்க மச்சான். சாயம் போடத் தண்ணி வேணும். உங்ககிட்ட கெணறு நெறையக் கெடக்குது. மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சி என்னத்தக் கண்டீங்க? இதுல நாட்டுக்கே டாலர் வருதுங்க."

அப்பா ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. மறுவாரமே டேங்கர் லாரி வந்தது. விவசாயத்துக்கென்று அரசு இலவசமாகக் கொடுத்த கரண்டில் மோட்டார் ஓடி, தண்ணீர் சாயப்பட்டறைக்குப் போனது.

காலையில் மோட்டார் போட்டால் காலனிப் பெண்கள் குடத்தோடு வந்து தொட்டியில் பிடித்துப்போவது வழக்கம். யாரும் அனுமதி கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை. அந்த வருடம் காலனியின் கைப்பம்பு வற்றியிருந்தது. இரண்டே வாரத்தில் எங்கள் கிணறும் இறங்கியது. லாரியை நிரப்பினால் குடத்துக்கு இல்லை. அதை அவர்களிடம் நேரில் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. என்னை மோட்டார் அறைப் படியில் உட்கார வைத்தார்.

"யாராச்சும் வந்தா மோட்டார் ரிப்பேருன்னு சொல்லிப்போடு கண்ணு."

வந்தவர் எங்கள் காட்டில் களையெடுக்கும் பெண். என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் நான் அவரை வா, போ என்பேன்; அவர் எனக்கு 'ங்க' போடுவார். அதுவும் வழக்கம்தான்.

"மோட்டார் ரிப்பேரு. தண்ணி இல்ல, போ."

"ஒரு கொடம் மட்டும் மோந்துக்கறனுங்க சின்னம்மணி. புள்ள பெத்தவ ஊட்டுல கெடக்கறா. கொழந்தைக்குத் தண்ணி ஊத்தோணும்."

"இல்லைன்னா இல்லதான்."

குழாயை லாரியில் செருகிவிட்டு நின்ற ஓட்டுநர் சிரித்தார். "லாரில ஏறிக்குங்கக்கா. திருப்பூர்ல கலர் கலராப் புடிச்சுத் தாரேன். செகப்பு வேணுமா, பச்சை வேணுமா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மோட்டார் அறையை ஒருமுறை பார்த்தார். "செரிங்க சின்னம்மணி. வாரேனுங்க." குழாய் ஒழுகித் தேங்கிய சேற்றை மிதித்துக்கொண்டு வெறுங்குடத்தோடு போனார்.

நான் கொஞ்சமாவது தயங்கினேனா என்று அடிக்கடி யோசிக்கிறேன். தயங்கியதாக நினைத்துக்கொள்ள ஆசைதான். தயங்கவில்லை. என் எட்டு மாதக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும் காலைகளில், சூடு சரியா என்று நான்கு முறை கை வைத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதே கோபம் வந்துவிடும். அப்பா மீது, மாமா மீது, அந்தப் பாடப்புத்தகத்தின் மீது. நாடு செழித்தது என்கிறார்கள். இருக்கலாம், அத்தை வீட்டில் மாடி எழுந்தது. ஆனால் எங்கள் மண்ணில் தண்ணீர் மிகுதி என்று யார் முடிவு செய்தார்கள்? மிகுதியாக இருந்தது, ஒன்றும் பேசாமல் திரும்பிப்போகிற மனிதர்கள்தான். அதைத்தான் விற்றோம்.

அன்று அந்தப் பெண் வரப்பு தாண்டும்வரை காத்திருந்து அப்பாவிடம் ஓடினேன். "அவ நம்பிட்டுப் போயிட்டாப்பா" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகர்ந்தார். என் சாமர்த்தியத்தை அவர் மெச்சவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம். நான் பொய் சொன்ன அவ்வளவு நேரமும் என் முதுகுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் குடத்தோடு நின்றவருக்கும் கேட்டிருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.