கண்ணாடி மேல் ஒரு கையெழுத்து

கோழி டாக்டர் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் நாளைக்கு முட்டை விலை ஏறுமா இறங்குமா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பதினைந்து வருடமாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பண்ணை பண்ணையாகப் போய்வருகிறவள் நான். வீடு அயோத்தியாப்பட்டணத்தில். காலையில் காரை எடுத்தால் திரும்பும்வரை அதுதான் ஆபீஸ், அதுதான் சாப்பாட்டு மேஜை, மதியம் கொஞ்சம் கண்ணசர்ந்தால் கட்டிலும் அதுதான்.

வண்டி ஓட்டும்போதே பாதி கனவில் இருக்கிறவள் என்று என் வீட்டில் எனக்குப் பெயர். பொய்யில்லை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் நீள நீளமாகக் கோழிக் கொட்டகைகள், வெயிலில் வெளுத்த கூரைகள், கண்ணாடியை இறக்கினால் தூரத்திலிருந்தே கேட்கும் அந்த ஆயிரம் தொண்டைகளின் முனகல். அதைக் கேட்டுக்கொண்டே போனால் எந்த ஊரைத் தாண்டினோம் என்பதே தெரியாது. எத்தனையோ தடவை புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டியவள் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் கையில் அந்தப் பேனா டேப்லெட்டைக் கொடுத்தார்கள். நான் வேலை பார்க்கிற மருந்துக் கம்பெனியில், ஊர் சுற்றுகிற எங்கள் எல்லோருக்கும் ஒன்று. சாப்பிடுகிற தட்டின் எடைகூட இருக்காது. பக்கத்திலேயே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் பேனா. கண்ணாடி மேல் எழுதினால், தாளில் எழுதுகிற மாதிரியே மெல்லிய சரசரப்பு. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதன்மேல் ஆசையே வந்துவிட்டது. ரோட்டோரம் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காலையில் அறுத்துப் பார்த்த கோழியின் குடலையும் ஈரலையும் வரைவேன். எங்கே ரத்தப் புள்ளி, எங்கே வீக்கம் என்று சிவப்பில் குறிப்பேன். வரைய வரைய வெளியே லாரிகள் போகிற சத்தம் எங்கோ போய்விடும். மணி பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு நோட்டு இருந்தது. கொட்டகை வாசலில் ஆணியில் தொங்கும். அதோடு ஒரு பால்பாயின்ட் பேனாவை நூலில் கட்டியிருப்பார்கள். யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். நானும் அதில்தான் எழுதிவிட்டு வருவேன். டேப்லெட் வந்தபின் நோட்டை யாரும் தேடவில்லை. நான் எழுதியதை அங்கேயே பண்ணைக்காரர்களிடம் காட்டி, கண்ணாடியிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

அந்தக் கையெழுத்துக்காகவே என் வருகையை எதிர்பார்க்கிற ஒரு அக்கா இருந்தார். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போகிற மண்பாதையின் முடிவில் அவர் பண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் குடும்பம் அதுவரை முட்டையிடும் பருவத்துக் கோழிகளை வாங்கித்தான் வளர்த்தது. ஒரு நாள் வயதுக் குஞ்சை இறக்கி நாமே வளர்க்கலாம் என்று அந்த வருடம் அக்கா அடம்பிடித்தார். வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை, மாமியாருக்குச் சுத்தமாக இல்லை. அக்கா விடவில்லை. தனியாக ஒரு கொட்டகை, குஞ்சுகளுக்கு வெதுவெதுப்பாகப் பல்பு, தரையில் உமி, எல்லாம் அவர் மேற்பார்வை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தைக்கூட ஆள் விடாமல், ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துக் கண்ணில் அவரே விட்டார். முதுகு ஒடிய இரண்டு நாள் உட்கார்ந்து விட்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

கையெழுத்துப் போடும்போது அவருக்கு ஒரே கூச்சம். சேலையில் கையைத் துடைத்துக்கொள்வார். கண்ணாடியில் மணிக்கட்டு படக்கூடாதென்று கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுவார். பெயர் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போய்க் கடைசி எழுத்து மூலையில் இடிக்கும்.

"இது என்னங்க, எம்பேரு மலையேறுது" என்று அவரே சிரிப்பார்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரே நாளில் பல பண்ணைக்குப் போனால் சின்னக் குஞ்சு இருக்கிற இடத்துக்கு முதலில் போக வேண்டும், நோய் இருக்கிற இடத்துக்குக் கடைசியில். நோய்ப் பண்ணைக்குப் போனால் அன்றைக்கு வேறெங்கும் போகாமல் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். நான் பத்துப் பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

குஞ்சுகளுக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தபோது ஒரு நாள், அக்கா பண்ணைக்குத்தான் முதலில் கிளம்பினேன். பாதி வழியில் வேறொரு பண்ணையிலிருந்து போன். நாலைந்து கோழி செத்துக் கிடக்கிறது, வழிதானே, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். ஒன்றை அறுத்துப் பார்த்தேன். இரைப்பையின் உள்சுவரில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். வெள்ளைக்கழிச்சலோ என்று எனக்குச் சந்தேகம் அப்போதே வந்தது. ஆனால் அந்தப் புள்ளிகள் அவ்வளவு தெளிவாக இருந்தன. மறந்துவிடும் முன் வரைந்துவிட வேண்டும் என்று, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோழியை அறுத்த பலகை மேலேயே டேப்லெட்டை வைத்து நின்றபடியே வரைந்தேன். மெல்லிய கோடு, அதன்மேல் சிவப்புப் புள்ளி, ஒன்று, இன்னொன்று. நல்ல படம் அது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, நல்ல படம்.

பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, கைகால் கழுவி, செருப்பை மாற்றி, மருந்துத் தண்ணீரில் டயரை நனைத்தேன். டேப்லெட்டைத் தாளால் துடைத்தேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அக்கா காத்திருப்பாரே, முதல் சொட்டின் பலம் குறைகிற நேரம், அடுத்த தடுப்பு மருந்துக்குத் தேதி மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம், கொட்டகைக்குள் போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொட்டகைக்கு ரொம்ப தூரத்திலேயே காரை நிறுத்தினேன். அக்கா நாற்காலி கொண்டுவந்து போட்டார். மோர் கொடுத்தார். இளம் வெயில், மரவள்ளி இலை அசைகிற சத்தம், உள்ளேயிருந்து ஐந்து வாரக் குஞ்சுகளின் கீச்சொலி. எனக்கு அப்படியே கண் சொருகியது. தேதி எழுதினேன். கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கிப் பிடித்தார்.

"கையை நல்லா அழுத்தி வைங்கக்கா, ஒண்ணும் ஆகாது. கை பட்டாலும் அதுக்குத் தெரியாது, பேனா மட்டும்தான் தெரியும்" என்றேன். புதுப் பொம்மையைக் காட்டுகிற குழந்தை மாதிரி எனக்கு ஒரு பெருமை.

அவர் தயங்கிவிட்டு உள்ளங்கை முழுவதையும் கண்ணாடியில் வைத்தார். அன்றைக்குத்தான் பெயர் நேராக வந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். நான் காரை எடுத்தபோது அவர் தீவனம் போடக் கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். அழவில்லை. "டாக்டரம்மா, குஞ்செல்லாம் வானத்தப் பாக்குதுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். உமித் தரையில் வெள்ளை வெள்ளையாக நின்றிருந்தன. சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொண்டு, முகம் மேலே திரும்பிக் கூரையைப் பார்த்தபடி இருந்தது. கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் தூசி மெதுவாக மிதந்தது. சத்தமே இல்லை. அத்தனை குஞ்சு இருக்கிற இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஏதோ ஒன்றை எல்லாம் சேர்ந்து பார்க்கின்றன, எனக்கு மட்டும் அது தெரியவில்லை என்று ஒரு கணம் தோன்றி நானும் மேலே பார்த்தேன். வெள்ளைக்கழிச்சலில்தான் கழுத்து இப்படி முறுக்கும் என்பது அப்புறம்தான் உறைத்து, பகீரென்றது.

காரில் வந்து உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தேன். விரலால் தள்ளினால் பக்கங்கள் வரிசையாக வரும். ரத்தப் புள்ளிப் படம். அதற்கு அடுத்த பக்கம் அக்காவின் கையெழுத்து, நேராக. இரண்டுக்கும் நடுவே வேறு பக்கமே இல்லை. மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நோய் அப்படித்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. காக்கை கொண்டுவரும், தீவன லாரி கொண்டுவரும், முட்டை அட்டை கொண்டுவரும். இதையெல்லாம் சொல்லி நான் எனக்கே சமாதானம் செய்துகொண்டேன். அங்கேயும் இங்கேயும் ஒரே வெள்ளைக்கழிச்சல்தான் என்று பரிசோதனை முடிவு வந்த பிறகும் செய்துகொண்டேன். அதற்குள் குஞ்சுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் போனேன். அப்போதுதான் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு காதில் விழுந்தது. அக்காவின் மாமியார் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "ராசியில்லாத கையி. அந்தக் கையால மருந்து உட்டா இப்படித்தான் ஆகும்." வீட்டுக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல் குஞ்சு வேண்டாம், கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

அக்கா செத்த குஞ்சுகளைப் புதைக்கிற குழிக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தெரியும். மூன்று நாள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மண்பாதையில் வரும்போது வாக்கியத்தைச் சரி செய்துகொண்டே வருவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மருந்து அளவைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். பதினைந்து வருடத்தில் சம்பாதித்த நல்ல பெயர் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரே நாளில் போய்விடும் என்ற பயம். வேறென்ன? நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

நாலாம் நாள் மதியம் போனேன். அக்கா பாதி காலியான கொட்டகையின் வாசலில் மிஞ்சிப்போன தீவனத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க மருந்து விட்டதுல எந்தத் தப்பும் இல்ல. அன்னைக்கு நான் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு நோய்ப் பண்ணைக்குப் போயிட்டு வந்தேன். அங்க செத்த கோழி பக்கத்துலயே இந்த டேப்லெட்ட வச்சு எழுதினேன். அதையேதான் உங்ககிட்ட நீட்டினேன். நிச்சயமா இதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு இதனாலதான்னு படுது. நான் வந்திருக்கவே கூடாது."

அவர் தட்டைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே பாத்தனுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பேனா இடுக்குல செவப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சுங்க. துளிதான். தொடைக்கச் சொன்னா டாக்டரம்மா தப்பா நெனச்சுக்குவீங்களோன்னு நானே சேலையில தொடச்சுட்டேன். அந்தச் சேலையோடதான் உள்ள போனேன்."

"தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன். "அவங்க உங்களத்தானே சொல்றாங்க."

"டாக்டரு கொண்டாந்த பேனாவுல நோவு வந்துச்சுன்னு நாஞ்சொன்னா யாருங்க நம்புவா? நான் பண்ணுன தப்ப உங்க தலையில கட்டறேன்னுவாங்க. கை ராசியில்லன்னா எல்லாருக்கும் புரியுது." கடைசித் தட்டைக் கவிழ்த்தார். "நீங்க சொல்லுவீங்களான்னு பாத்துட்டு இருந்தனுங்க. மூணு நாளா மருந்து அளவையே சொல்லீட்டுப் போனீங்க."

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லாதது. அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. கையை உதறி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அவுங்க இப்பத்தான் சோத்துக்கு வந்திருக்காங்க. ஊட்டுக்குள்ள வாங்க."

நான் எழுந்தேன். அவர் முன்னால் நடந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் வாங்க, சாப்பிடுங்க என்றார்கள். நான் உட்காரவில்லை. அக்கா சுவரோரமாகப் போய் நின்று, கழுவிய கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா ஒண்ணு சொல்லோணுமாமா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.