விடவா, மறிக்கவா?

கெலிஓயாவை விட்டு நடக்கத் தொடங்கி, பேராதனைப் பாலத்தைக் கண்டபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம், பசிக்குப் பாதிப் பாண்.

வேலை செய்த ஹார்ட்வெயார் கடை முதலாளி காலையில்தான் சொன்னார். "கடைகள்ல தமிழ்ப் பொடியன்கள் யார் நிக்கிறாங்கன்னு விசாரிக்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் இருந்துக்க."

நல்ல மனிதர். பயந்த மனிதர். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். பாண் அவர் தந்ததுதான்.

பாலத்தடியில் பொலிஸ் என் அடையாள அட்டையைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி ஆமி அதே அட்டையைப் பார்த்தது. "இப்பதானே அங்க காட்டினேன்" என்று நீங்கள் சொல்வீர்களா? நானும் சொல்லவில்லை. நான் பிறந்த கலஹா தேயிலைத் தோட்டத்து விலாசத்தை இரண்டு தடவை ஒப்பித்துவிட்டு, ஆற்றோரமாகக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடந்தேன்.

இந்தப் பழைய நடையை இப்போது ஏன் இழுக்கிறேன்? போன வாரம் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் ஈமெயில் போட்டிருந்தார். லெப்டொப்பில் ஆன்டிவைரஸும் ஃபயர்வோலும் சண்டை பிடிக்கின்றனவாம். "நாலு இடம் சுற்றியவர் நீங்கள், வழி சொல்லுங்கள்" என்கிறார். எட்டாம் வகுப்போடு நின்ற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பாருங்கள் — பதில் தெரியும். அந்த நடையின் முடிவில்தான் தெரிந்துகொண்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் மழை பிடித்தது. ஒதுங்கிய இடம் ஒரு சின்ன அச்சுக்கடை. வேலை கேட்கலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ரவூப் நானா — முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம் — கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில், கையில் எழுதிய தாள்களை மடியில் வைத்தபடி ஒருவர். சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க உத்தியோகம்.

அவருடைய அம்மா ஊரில் இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம். பிளேனில் இடமில்லை. மகன் போகவில்லை, முகம் பார்க்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைக் கண்டியிலேயே செய்யப்போகிறார். அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களின் கையில் இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரமும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பது அவர்கள் வழக்கம். கல்வெட்டு என்பார்கள். தாளில் அடித்த கல்வெட்டு.

பாதிப் பக்கங்கள் தட்டியாகிவிட்டன. மீதி நிற்கிறது. அந்தியேட்டி நாளை மறுநாள். கொம்பியூட்டரிலோ தமிழ் தட்டினால் இங்கிலீஷ் விழுகிறது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஈந்திச்சி சேர்" என்றார் நானா. "அல்லாட காவல், எனக்குத் தெரியா."

"இல்லாட்டில் கையால எழுதிக் கொப்பி எடுப்பம்" என்றார் சேர். சொல்லிவிட்டு மடியிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொள்ளிதான் வைக்கேல்லை. இதையெண்டாலும் ஒழுங்காச் செய்யவேணும்."

நான் பையைக் கீழே வைத்தேன். மாத்தளையில் ஒரு நெட் கஃபேயில் தரை கூட்டியிருக்கிறேன். மெஷின் படுத்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

"நானா, புதுசா ஏதும் போட்டீங்களா?"

போட்டிருந்தார். யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து ஒரு கல்யாணக் கார்ட்டைத் தின்றுவிட்டதாம். அதனால் ஓர் ஆன்டிவைரஸ் போட்டார். பிறகு துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு ஃபயர்வோல் போட்டுக் கொடுத்தார்.

"ஒண்டுக்கு ரெண்டு காவல் ஈக்கட்டுமேன்?"

ஆன்டிவைரஸ் வீட்டுக்குள் இருப்பவனைச் சோதிக்கிறவன். ஃபயர்வோல் வாசலில் நின்று போக்குவரத்தை மறிக்கிறவன். இந்த ஃபயர்வோல் கூடுதலாக, உள்ளே யார் என்ன செய்கிறான் என்றும் நோட்டம் பார்த்தது. தமிழ் எழுத்துப் போடுகிற புரோகிராமைத் தேடினேன். ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துச் சிறையில் வைத்திருந்தது! வெளியே எடுத்தேன். நானா தட்டினார். 'அ' விழுந்தது. 'ம்' விழுந்தது. மூவரும் மூச்சு விட்டோம்.

திரையில் ஒரு பெட்டி குதித்தது. நானா டக்கென்று ஒரு பட்டனை அமுக்கினார். தமிழ் நின்றுவிட்டது.

"என்னத்த அமுக்கினீங்க?"

"'நோ' தான். இங்கிலீஸ்ல எது வந்து கேட்டாலும் 'நோ' அமுக்குவன். இந்தக் காலத்துல 'யெஸ்' சொல்லித்தானே மனிசன் மாட்டுறான்."

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? கேட்கிறவன் யார், ஏன் கேட்கிறான் என்று தெரியாவிட்டால் எல்லாரும் அதைத்தானே செய்தோம்?

"அடுத்த முறை வரேக்க அமுக்காதையும் நானா. நான் வாசிக்கிறன்" என்று சேர் கதிரையை இழுத்துப் போட்டார். மறுபடி முயன்றோம். பெட்டி வந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"இந்தப் புரோகிராம் நீங்கள் தட்டுற எழுத்தையெல்லாம் ஒளிச்சுப் பார்க்குதாம். விடவோ, மறிக்கவோ எண்டு கேக்குது."

"ஒளிஞ்சு பாக்குதா!" நானா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நானா, அது தமிழ் போடுற புரோகிராம். நீங்க தட்டுறதைப் பாக்காம அது எப்படித் தமிழாக்கும்?" என்றேன்.

சேர் என்னைப் பார்த்தார். "தமிழில எழுத வெளிக்கிட்டால் சந்தேகப்படவேணும் எண்டு மெஷினுக்கும் ஆர் தம்பி சொல்லிக் குடுத்தது?"

"மெல்லமா கதைங்க சேர்" என்றார் நானா, தெருவைப் பார்த்தபடி. "இங்க பாலத்தடியிலயும் ஆமி ஈக்கி."

அப்புறம் மூன்று பேரும் ஓர் ஆளாக வேலை செய்தோம். சேர் வாசித்தார். நான் இடம் சொன்னேன். நானா அமுக்கினார் — ஒவ்வொரு தடவையும் பிஸ்மி சொல்லிக்கொண்டு. நானாவின் பழைய 'நோ'க்களின் பட்டியல் ஃபயர்வோலுக்குள் அப்படியே கிடந்தது. அதில் ஆன்டிவைரஸும் இருந்தது! புது வைரஸ் விவரம் எடுத்து வர வெளியே போகக் கேட்டிருக்கிறது. இவர் மறித்துவிட்டார். வீட்டுக் காவல்காரனை வாசல் காவல்காரன் வெளியே விடவில்லை. வீட்டுக் காவல்காரனோ வாசல்காரனுடைய பைல்களைத் திருப்பித் திருப்பிச் சோதித்துக்கொண்டிருந்தான். மெஷின் ஏன் ஊராது?

ஆக, வாசகரே, செய்யவேண்டியது இதுதான். ஆன்டிவைரஸ் ஒன்று, ஃபயர்வோல் ஒன்று — இரண்டிரண்டு கூடாது. விண்டோஸோடு வருகிற ஃபயர்வோலும் ஓடினால் அதை நிறுத்துங்கள். பிறகு இவன் நம்ம ஆள் என்று அவனிடமும், அவன் நம்ம ஆள் என்று இவனிடமும் விதிவிலக்குப் பட்டியலில் எழுதுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த புரோகிராமை இரண்டிலும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவனிடம் சொன்னது மற்றவனுக்குப் போய்ச் சேராது. பிறகு ரீஸ்டார்ட்.

காவல்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நம்மைத் தெரிந்த ஒருவர் வேண்டும். மெஷினுக்கு அந்த ஒருவராக நாமே இருந்துவிடலாம். தெருவில்...? அதற்கு எங்கே கிளிக் பண்ணுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மெஷின் மறுபடி எழும்பியது. நானா இரண்டு விரலால் தட்டினார். தமிழ் விழுந்தது. ஒரு பெட்டியும் குதிக்கவில்லை.

சேர் எழுந்து நின்று தாளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். அம்மா பிறந்த ஊர், கலியாணம் கட்டி வந்த வீடு, பெற்ற பிள்ளைகள், அவர்கள் இப்போது சிதறிக் கிடக்கிற நாடுகள். 'கடைசி மகன், கண்டி' என்று வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். நானா கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

"போடும் நானா" என்றார் சேர். போட்டார்.

போகும்போது சேர் என் தோளில் கை வைத்தார். நானா கேட்டார்: "போக இடம் ஈக்கா மகன்?" தலையாட்டினேன், பொய்யாக. அவர் அது பொய் என்று கண்டுகொண்டு கடைக்குள்ளேயே பாய் போட்டுத் தந்தார்.

மறுநாள் காலையில் அச்சான தாள்களை என் முன்னால் அடுக்கி வைத்தார். மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். வெளி அட்டையில் அந்த அம்மாவின் படம், மடிப்புக் கோட்டை ஒட்டி.

நான் யாழ்ப்பாணம் பார்த்ததில்லை. அந்த அம்மாவையும் பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்த வேலை, மடிப்பு அவர் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது.